தசைக்கும் மணி தெரியும்

சுண்டெலியின் காலிலிருந்து சின்னதாக ஒரு தசைத் துண்டை வெட்டி எடுத்து, ஊட்டக் கரைசல் ஊற்றிய கண்ணாடித் தட்டில் போட்டு இருட்டில் வைக்கிறார்கள். சாதாரணச் சுண்டெலி இல்லை அது. மின்மினிப்பூச்சி ஒளிர்வதற்குப் பயன்படுத்தும் நொதியை, உடம்பின் உள்கடிகாரத்தில் பங்குள்ள பீரியட்-2 என்ற புரதத்தோடு சேர்ந்து உருவாகும்படி அதன் மரபணுவில் ஒட்டவைத்திருக்கிறார்கள். புரதம் கூடினால் தசைத் துண்டு ஒளிரும், குறைந்தால் மங்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒளிதான், கருவி அளந்து சொல்லும். அந்தத் துண்டுக்கு மூளை கிடையாது, இரத்த ஓட்டம் கிடையாது, சூரியனும் கிடையாது. ஆனாலும் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் ஒளி ஏறி இறங்குகிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல நாள் தொடர்ந்து.

மனிதத் தசையிலிருந்து ஊசியால் எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களும் இப்படித்தான் நேரம் காட்டுகின்றன. அதாவது நான் கைக்கடிகாரத்தைப் பார்க்காவிட்டாலும் என் தொடை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் சர்க்கரை. "நடந்தா மட்டும் பத்தாதுங்க, தசையை ஏத்தணும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஜிம்முக்குப் போகிறேன். எங்கள் ஜிம்மில் இரண்டு கட்சி. காலை ஐந்தரைக் கட்சிக்கு மாலைக்காரர்கள் எல்லாரும் சோம்பேறிகள். மாலை ஏழு மணிக் கட்சிக்குக் காலைக்காரர்கள் எல்லாரும் ரிட்டயர்டு ஆட்கள். வெறும் வயிற்றில் செய்தால்தான் கொழுப்பு கரையும் என்பது ஒருவர் வாதம். விடிந்ததும் ராடைத் தூக்கினால் முதுகு போய்விடும் என்பது இன்னொருவர் வாதம். மாஸ்டரிடம் கேட்டால், "எப்ப வந்தாலும் சரிங்ணா, வந்தாப் போதும்" என்று சந்தா நோட்டைப் புரட்டிக்கொண்டே சொல்வார். அவர் வியாபாரத்துக்காகச் சொன்னது முக்கால்வாசி சரி. மிச்சம் கால்வாசியில்தான் சுவாரசியம் இருக்கிறது.

உயிர்களுக்குள் கடிகாரம் உண்டு என்பது பழைய செய்தி. 1729-இல் டி மைரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாமலும் அது பகலில் இலை விரித்தது, இரவில் மூடிக்கொண்டது. 1971-இல் கொனோப்காவும் பென்சரும் பழ ஈக்களின் நேர உணர்வைக் குலைக்கும் மரபணு மாற்றங்களைக் கண்டார்கள். அந்த மரபணு வேலை செய்யும் விதத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இந்த வரிசையில் மதுரைக்கும் ஓர் இடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். இந்தியாவில் உயிர்க்கடிகார ஆராய்ச்சிக்கு வேர் பிடிக்கவைத்தவர். கடிகாரம், வெளிச்சம், வெளியுலகச் சத்தம் எதுவும் எட்டாத அறையைக் கட்டி, அதில் மனிதர்களைத் தங்கவைத்து, அவர்கள் தாமாகவே எப்போது தூங்கி எப்போது எழுகிறார்கள் என்று பார்த்தவர். நம் பள்ளிப் புத்தகங்களில் டி மைரானுக்குப் பக்கத்தில் அவர் பெயரும் வரலாம், தப்பே இல்லை.

எனக்கு அவருடைய வௌவால் ஆராய்ச்சிதான் ரொம்பப் பிடிக்கும். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளின் குகைகளில், பகல் வெளிச்சம் எட்டாத ஆழத்தில், அவரும் அவருடைய மாணவர்களும் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். வெளியே பொழுது சாய்வது அதற்குத் தெரியாது. ஆனால் குகையில் சுதந்திரமாக இருந்த மற்ற வௌவால்கள் அந்தியில் வெளியே பறந்து போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன. கூண்டு வௌவாலும் அதே 24 மணி நேரக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டது. வேறு வௌவால்களே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் கணக்கு நாளுக்கு நாள் நழுவியது. கடிகாரத்தைத் திருத்திவைக்க வெளிச்சம்தான் வேண்டுமென்று இல்லை, கூட்டத்தின் அசைவும் அந்த வேலையைச் செய்யும் என்று அந்தக் குகைகளில் தெரிந்தது.

தசையின் கதையும் ஏறக்குறைய இதுதான். கண்ணுக்குப் பின்னால், மூளையின் ஹைப்போதாலமஸ் என்ற பகுதியில், சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு கொத்து இருக்கிறது. தலைமைக் கடிகாரம் அது. கண் வழியே வரும் வெளிச்சத்தை வைத்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும். தசைக்கு வெளிச்சம் தெரியாது, அதுவும் ஒரு வகையில் குகைக்குள் இருப்பதுதான். தலைமைக் கடிகாரம் அனுப்பும் ஹார்மோன், உடல் வெப்பம், சாப்பாடு, அப்புறம் தன்னுடைய சொந்த வேலை, இவற்றை வைத்துத்தான் அது நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கடிகாரம் ஓடும் விதம் எளிமையானது. கிளாக், பிமால்-1 என்று இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து டிஎன்ஏ-வில் உட்கார்ந்து பல மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. முடுக்கப்பட்டவற்றில் பீரியட், கிரிப்டோகுரோம் என்ற புரதங்களின் மரபணுக்களும் உண்டு. இந்தப் புரதங்கள் மெல்லச் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் திரும்பி வந்து, தங்களை உருவாக்கிய ஜோடியையே அடக்கிவிடும். பிறகு அவை சிதையும், ஜோடி மறுபடி வேலையைத் தொடங்கும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது.

தசையில் இந்த ஜோடி நேரம் காட்டுவதோடு நிற்பதில்லை. தசையைத் தசையாக வைத்திருக்கும் மயோ-டி என்ற புரதம், குளுக்கோஸை உள்ளே இழுக்கும் ஏற்பாடு, எந்த நேரத்தில் மாவுச்சத்தை எரிப்பது, எந்த நேரத்தில் கொழுப்பை எரிப்பது என்ற கணக்கு, எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. டிபன் கடையில் ஆறு மணிக்கு முதல் இட்லி வேண்டுமென்றால் நாலரைக்கே அடுப்புப் பற்றியிருக்க வேண்டும், இல்லையா? அப்படித்தான், வேலை வருமுன்பே தசை தயாராகி நிற்கிறது. அமெரிக்காவில் கேரின் எஸ்ஸர் என்ற ஆய்வாளரின் குழு பல ஆண்டுகளாக இதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறது. 2010-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பிமால்-1 இல்லாத சுண்டெலிகளின் தசை விசை சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. தசை இழைகளின் ஒழுங்கான வரிசை கலைந்திருந்தது, மைட்டோகாண்ட்ரியாவும் குறைந்திருந்தது. பிமால்-1 இல்லாத சுண்டெலிகள் சீக்கிரமே கிழடு தட்டிப்போகின்றன என்பது அதற்கு முன்பே தெரியும்.

2012-இல் அதே குழு செய்த இன்னொரு சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுண்டெலி இரவில் ஓடியாடும் பிராணி, பகலில் தூங்கும். அவற்றைச் சில வாரங்கள் பகலில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் ஓடவைத்தார்கள். சிலவற்றுக்கு அந்த நேரத்தில் சக்கரம் கொடுத்தார்கள், சிலவற்றை டிரெட்மில்லில் ஏற்றினார்கள். பிறகு தசைத் துண்டுகளை எடுத்து ஒளிரவைத்துப் பார்த்தால், தசைகளின் கடிகாரம் நகர்ந்திருந்தது. மூளையின் தலைமைக் கடிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது. மூளை ஒரு நேரம் சொல்ல, கால் வேறு நேரம் சொல்கிறது. கால் அந்த நேரத்தைக் கற்றுக்கொண்டது ஓட்டத்திலிருந்து.

எப்படி நகர்கிறது என்பதற்குப் பல வழிகள் கண்டிருக்கிறார்கள். தசை சுருங்கும்போது கால்சியம் வெளியாகிறது. ஆக்சிஜன் குறையும்போது விழித்துக்கொள்ளும் ஒரு புரதம் பிமால்-1-ஐத் தொட்டுப் பேசுகிறது. செல்லில் எரிபொருள் தீரும்போது எழும் நொதி, கிரிப்டோகுரோமைச் சிதைவுக்கு அனுப்பிவைக்கிறது. உடம்புச் சூடு ஏறுவதும் ஒரு சைகைதான். ஆகமொத்தம், மூச்சு வாங்க ஸ்குவாட் போடுகிறவன் தன் தொடையில் உள்ள முள்ளையும் கொஞ்சம் திருப்பிக்கொண்டிருக்கிறான்.

மனிதர்களில் மூளைக் கடிகாரமும் பயிற்சிக்குக் கொஞ்சம் அசைந்து கொடுக்கிறது. 2019-இல் யங்ஸ்டெட் குழு 101 பேரை வைத்துப் பார்த்ததில், காலை 7 மணிக்கோ பிற்பகல் 1 முதல் 4 மணிக்குள்ளோ பயிற்சி செய்தால் கடிகாரம் முன்னுக்கு நகர்ந்தது, அதாவது உடம்புக்கு இரவும் காலையும் சீக்கிரம் வந்தன. இரவு 7 முதல் 10 மணிக்குள் செய்தால் பின்னுக்குத் தள்ளிப்போனது. பத்து மணிக்கு ஷட்டில் ஆடிவிட்டு வந்து ஒரு மணி வரை மொபைல் நோண்டுகிறவர்கள் பழியை மொபைல் மீது மட்டும் போட வேண்டாம். அதற்காக மாலைப் பயிற்சி தூக்கத்தைக் கெடுக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற கடும் பயிற்சிதான் தொந்தரவு.

சரி, காலையா மாலையா?

பலத்தை மட்டும் கேட்டால் மாலை. உடம்பின் உள்வெப்பம் விடியற்காலையில் அடியில் இருக்கும், பிற்பகல் முடிந்து மாலை தொடங்கும்போது உச்சத்துக்கு வரும். சூடான தசை வேகமாகச் சுருங்கும். 2004 ஏதென்ஸ் முதல் 2016 ரியோ வரை நாலு ஒலிம்பிக்கின் நீச்சல் நேரங்களை அலசியவர்கள், மாலை 5 மணியை ஒட்டி வேகம் உச்சத்தில் இருப்பதைக் கண்டார்கள். ஏற்ற இறக்கத்தின் அளவு வெறும் 0.37 சதவீதம். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். ஆனால் பல இறுதிப் போட்டிகளில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையிலான வித்தியாசமே அதைவிடக் குறைவு. 2008 பெய்ஜிங்கில் நீச்சல் இறுதிப் போட்டிகளைக் காலையில் வைத்தார்கள், அமெரிக்கத் தொலைக்காட்சியின் மாலை நேரத்துக்காக. தசைக்கு மணி தெரிந்து என்ன பயன், ஒளிபரப்புக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமே.

இந்த அளவீடுகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எடுத்தவை. ரசினே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கரீபியக் கடலில் உள்ள குவாடலூப் தீவில் இதையே சோதித்தார். அங்கே வெக்கையும் புழுக்கமும் நம் ஊர் மாதிரி. காலைக்கும் மாலைக்கும் இடையிலான பலத்தின் வித்தியாசம் அங்கே ஏறக்குறைய மழுங்கிப்போயிருந்தது. காற்றே தசையைச் சூடாக்கிவிட்டால் மாலைக்குத் தனிச் சலுகை எங்கிருந்து வரும்? ஸ்டாக்ஹோமில் இருப்பவர் சொல்லும் "மாலையே சிறந்தது" என்பதை நாகர்கோவிலிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சித்திரை மாதம் நாலு மணிக்கு மைதானத்தில் ஓடச் சொல்லும் எந்த ஆய்வும் இந்த ஊர் வெயிலைப் பார்த்ததில்லை.

இன்னொன்று. காலையிலேயே தவறாமல் பயிற்சி செய்கிறவர்களுக்குச் சில வாரங்களில் அந்தக் காலைச் சுணக்கம் பெரும்பாலும் போய்விடுகிறது. மாலையிலேயே செய்கிறவர்களுக்கு மாலைப் பலம் இன்னும் கூடுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும், மாதக்கணக்கில் பயிற்சி செய்த பிறகு பலம் கூடுவதில் காலை, மாலை வித்தியாசம் பெரிதாக இல்லை. எந்த நேரத்தைப் பழக்குகிறோமோ அந்த நேரத்துக்குத் தசை தயாராகிக்கொள்கிறது. ஜிம்மில் இரண்டு கட்சியும் ஜெயித்தது. தோற்றவர்கள் திங்கள் காலை, புதன் இரவு, சனி மத்தியானம் என்று வருகிறவர்கள். முதுகு பற்றிச் சொன்னவருக்கும் ஒரு மார்க் கொடுக்கலாம். இரவில் முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்தவுடன் குனிந்து கனம் தூக்குவதை முதல் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது நல்லது.

சர்க்கரை விஷயத்தில் மட்டும் நான் மாலைப் பக்கம் சாய்கிறேன். சாப்பிட்ட பிறகு இன்சுலின் சொல்லி இரத்தத்திலிருந்து வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது எலும்புத்தசைதான். 2014-இல், வளர்ந்த சுண்டெலிகளின் தசையில் மட்டும் பிமால்-1-ஐ நீக்கிப் பார்த்தபோதே இன்சுலினுக்கு அந்தத் தசை காட்டும் மரியாதை குறைந்துபோனது. 2019-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 ஆண்களை இரண்டு வாரம் காலை 8 மணிக்கும், இன்னொரு இரண்டு வாரம் மாலை 4 மணிக்கும், நடுநடுவே இளைப்பாறி விட்டு விட்டுச் செய்யும் கடும் பயிற்சி செய்யவைத்தார்கள். மாலையில் செய்தபோது சர்க்கரை இறங்கியது. காலையில் செய்தபோது ஏறியது, குறையவில்லை என்பதுகூட இல்லை, ஏறியே விட்டது. சின்ன ஆய்வுதான், பெண்கள் ஒருவரும் இல்லை. ஆனால் சர்க்கரையை விடாமல் அளந்து கோடாக வரைந்து காட்ட என் கையில் ஒட்டியிருந்த சென்சாரும் இதே கதையைத்தான் சொன்னது. ஐந்து மணிக்கு எழுந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்குமுன்பே கோடு மேலே போக ஆரம்பிக்கும். விடியலில் கார்ட்டிசோல் ஏறும், கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும். அதன் மேல் கனமான ஸ்குவாட் போட்டால் அட்ரினலினும் சேர்ந்துகொண்டு 180-ஐத் தாண்டும். அதே பயிற்சியை மாலையில் செய்தால், முடித்துக் குளித்துவிட்டு வருவதற்குள் கோடு சரிந்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் பெரிய மலை எழும்பாது. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் நேரத்தை மாற்றுமுன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மாலையில் தாழ்சர்க்கரை வந்து கை நடுங்கும்.

என் மனைவிக்கு இந்தப் பட்டிமன்றமே எரிச்சல். அமெரிக்காவில் 2022-இல் வந்த ஓர் ஆய்வில், பெண்களுக்குக் காலைப் பயிற்சியில் வயிற்றுக் கொழுப்பும் இரத்த அழுத்தமும் நன்றாகக் குறைந்தன, மாலைப் பயிற்சியில் மேலுடல் பலம் கூடியது என்று படித்துக் காட்டினேன். "காலைல அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் அடுப்படி, சாயங்காலம் ஆறுல இருந்து மறுபடி அடுப்படி. இதுல எந்த நேரம்னு அந்த ஆய்வுல போட்டிருக்கா?" என்றாள். போடவில்லை. அவள் பதினொரு மணிக்குச் செய்கிறாள், அந்த நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் ஒழுங்காக நேரம் காட்டும் தசை அவளுடையதுதான்.

கஷ்டம் ஷிப்ட்காரர்களுக்கு. என் மச்சினன் ஸ்பின்னிங் மில்லில் இருக்கிறான். ஆறு–இரண்டு, இரண்டு–பத்து, பத்து–ஆறு என்று வாரத்துக்கு வாரம் ஷிப்ட் சுற்றும். 2018-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் 14 ஆரோக்கியமான இளைஞர்களின் பகலையும் இரவையும் தலைகீழாக்கிவிட்டு, தசையிலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பார்த்தார்கள். ஆட்கள் புது நேரத்துக்கு விழித்திருந்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். தசையின் கடிகார மரபணுக்கள் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. இன்சுலினுக்குத் தசை பணிவது சில நாட்களிலேயே குறைந்துபோனது. முப்பது வயதில் இவனுக்கு ஏன் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று குடும்பமே இனிப்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அந்த டைம்டேபிளைத்தான் குற்றம் சொல்வேன்.

"ஏனுங் மச்சான், நைட் முடிச்சுட்டு வந்து அப்படியே ஜிம்முக்குப் போயிரலாமுங்களா?" என்று கேட்டான். இருவரும் ஒரு பேப்பரில் கட்டம் போட்டோம். காலை ஷிப்ட் வாரத்தில் மூன்று மணிக்கு மேல் அவன் சும்மா. இரவு ஷிப்ட் வாரத்தில் மூன்று மணி வரை தூங்குகிறான், அப்புறம் ஒன்பது வரை சும்மா. ஆக இந்த இரண்டு வாரமும் மாலை ஐந்து மணி பொருந்தி வருகிறது. இரண்டாம் ஷிப்ட் வாரம் மட்டும் இடிக்கும். அந்த வாரம் பதினொரு மணி. மூன்றில் இரண்டு வாரமாவது தசைக்கு ஒரே மணி கேட்கும். ஷிப்ட் சுற்றும் திசையாவது காலை, மாலை, இரவு என்று நேரம் தள்ளிப்போகும் பக்கமாக இருப்பது அவனுக்கு நல்லது, ஏனென்றால் மனிதக் கடிகாரத்தின் இயல்பான சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம், தள்ளிப்போவது அதற்குச் சுலபம்.

சாப்பாட்டையும் பேசினோம். இரவு வேலை போல ஏற்பாடு செய்த ஒரு சோதனையில், சாப்பாட்டைப் பகலில் மட்டும் கொடுத்தவர்களுக்கு, இரவிலும் சாப்பிட்டவர்களைப் போலச் சர்க்கரை கெடவில்லை என்று 2021-இல் வந்திருக்கிறது. அதைச் சொல்லி, எட்டரைக்கே சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போ, நடுவில் மோரோ சுண்டலோ போதும் என்றேன். ஐந்து மணி ஜிம்முக்கு உடனே ஒத்துக்கொண்டான். ராத்திரி ஒரு மணிக்கு கேன்டீனில் சூடாகப் போடும் புரோட்டாவை விடுவது பற்றி மட்டும் அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறான்.